விடுமுறைக்கு மகனைக் கிராமத்தில் அண்ணன் வீட்டில் விடுகிறேன்: என்னென்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?

எட்டாவதுமாடி:

மகனுக்கு ஒன்பது வயது. இந்த விடுமுறைக்கு மூன்று வாரம் அவனை மட்டும் என் அண்ணன் வீட்டில் விடலாம் என்று பேச்சு. வீடு கிராமத்தில், வயலை ஒட்டினாற்போல். மாடு, கோழி, ஒரு நாய், திறந்த கிணறு, கொஞ்ச தூரத்தில் குளம். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பதின்மூன்று, சின்னவனுக்கு இவன் வயதுதான், ஓரிரு மாதம் முன்னே பின்னே.

இவன் அங்கே போயிருக்கிறான், ஆனால் எப்போதும் எங்களோடு, வந்தோம் போனோம் என்றுதான். பிறந்ததிலிருந்து அடுக்குமாடி. செருப்பில் சேறு ஒட்டினால் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவான். போன முறை ராத்திரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இங்க லைட் போடுற ஆள் யாரு?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

போக ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என் கணவர், “பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அண்ணி தங்கமானவர், வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். அதுதான் எனக்குச் சங்கடம். அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் மனம் சுணங்குவார் என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

இரட்டையர்அப்பா:

உங்கள் கணவர் சொன்ன அந்த “அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துடறேன்” வாக்கைத்தான் முதலில் வாபஸ் வாங்க வேண்டும். ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார், புரிகிறது. பிள்ளை காதில் அது, “உன்னால் முடியாது என்று அப்பாவுக்கே தெரியும்” என்று விழும். அப்புறம் முதல் நாள் சாயங்காலம் கொஞ்சம் முகம் வாடினாலும் கை போனுக்குத்தான் போகும். வீட்டு ஏக்கம் பற்றி அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீக்கிரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று முன்கூட்டியே பேரம் பேசி வைக்காதீர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். முன்னதாகவே நண்பன் வீட்டிலோ தாத்தா பாட்டி வீட்டிலோ ஓரிரு இரவு தனியாகத் தங்கிப் பழக விடச் சொல்கிறார்கள். என் பையன்கள் விஷயத்தில் அதுதான் கைகொடுத்தது.

வாக்குக்குப் பதிலாக அவனிடம் வேறொன்று பேசலாம். “வீட்டு ஞாபகம் வரும். வந்தால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். அக்காவிடம் சொல்வேன், வெளியே ஓடிப்போய் விளையாடுவேன், கடிதம் எழுதுவேன், எதையாவது அவனே சொல்லட்டும். பதில் அவன் வாயிலிருந்து வருவதுதான் முக்கியம்.

கொல்லைக்கதவு:

நான் எதிர்க்கரை ஆள். பிள்ளையை அனுப்புகிறவள் இல்லை, அனுப்பிய பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்கிறவள். நாத்தனார் பிள்ளைகள், கொழுந்தன் பிள்ளைகள் என்று விடுமுறை தவறாமல் எங்கள் வீட்டில் ஒரு பட்டாளம் வந்து இறங்கும். அதனால் உங்கள் அண்ணி வாய் திறந்து கேட்காததை அவருக்காக நான் கேட்டுவிடுகிறேன்.

உங்கள் மகனை அவர் திட்டலாமா? சிரிக்காதீர்கள், எங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. சொந்தப் பிள்ளை கிணற்று மேடையில் ஏறினால் ஒரு கத்து கத்தி இறக்கிவிடுவேன். நாத்தனார் பிள்ளை ஏறினால், “கண்ணு, இறங்குப்பா” என்று குழைய வேண்டியிருக்கும். அந்தக் குழைவில் அவன் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பான். நீங்களே போன் போட்டு, “அண்ணி, உங்க பிள்ளைங்களுக்கு என்ன சட்டமோ அதேதான் இவனுக்கும், திட்டுங்க, அடி மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். இதை மகன் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும். அண்ணி தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிடும்.

அடுத்தது உங்கள் அண்ணன் மகன். எல்லோரும் வருகிற பிள்ளையைப் பற்றியே கவலைப்படுவார்கள், இருக்கிற பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அவன் பாயில் பாதி போகும், அவன் சைக்கிள் போகும், “தம்பி ஊருக்குப் புதுசு, விட்டுக்கொடு” என்று நாள் முழுக்கக் காதில் விழும். முதல் வாரத்துச் சண்டை முக்கால்வாசி இதில்தான் கிளம்பும். நீங்கள் அத்தை அல்லவா? அவனைத் தனியாகப் போனில் கூப்பிட்டு, “உன் சைக்கிளை அவன் தொடலாமா, எதைத் தொடக்கூடாது?” என்று கேளுங்கள். அவன் ‘கூடாது’ என்றால் கூடாதுதான், அதை உங்கள் மகனிடமும் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே கொடுத்துவிடுவான்.

இனி உங்கள் மகனுக்கு. தயவுசெய்து அவனை விருந்தாளியாக அனுப்பாதீர்கள். விருந்தாளிக்கு ஒரு வேலையும் கிடையாது, வேலை இல்லாதவனுக்குப் பகல் நீளம், அந்த நீளத்தில்தான் அம்மா ஞாபகம் வரும். அந்த வீட்டில் அவன் செய்யாவிட்டால் நடக்காது என்று ஏதாவது ஒரு வேலை அவனுக்கு வேண்டும். எங்கள் வீட்டில் நான் கொடுப்பது முட்டை எடுக்கும் வேலை. சின்ன வேலைதான், ஆனால் அதில் சூட்சுமம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் கோழி ஆளைக் கண்டதும் எழுந்து போய்விடும். அடைக்கோழி போகாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உடம்பை இரண்டு பங்காக்கி, தொண்டைக்குள் ஒரு மாதிரி உறுமும். முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கொத்துதான். வால் பக்கமாக, உள்ளங்கை மேலே பார்க்க, மெதுவாக அடியில் விட வேண்டும். அங்கே அந்தச் சூடு கையில் படும். நாத்தனாரின் சின்னவன், நகரத்தில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் சோபாவில் ஏறுகிறவன், முதல் தடவை இப்படிக் கை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “அத்தை, உள்ள ஹீட்டர் இருக்கு” என்றான். அதற்கப்புறம் வேறு யாரையும் கூண்டுப் பக்கம் விடவில்லை.

மூன்று வாரம் என்கிறீர்கள். கோழி அடைக்கு 21 நாள். உங்கள் அண்ணியிடம் அடைக்கோழி இருந்தால், மகன் வந்து சேர்ந்த அன்றே அவன் கையால் முட்டைகளை வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு. கோடு இல்லாத முட்டை கிடந்தால் அது அப்புறம் வந்து இட்டது, அதை எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து ராத்திரி இருட்டில் முட்டையின் பருத்த பக்கத்தில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், உள்ளே கருப்பாக ஒரு புள்ளியும் சுற்றிலும் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். நரம்பு இல்லாமல் வெறிச்சென்று இருந்தால் கூமுட்டை. பார்த்ததும் சட்டென்று திருப்பி வைத்துவிட வேண்டும், ஆறவிடக் கூடாது. கோழியையும் முட்டையையும் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதற்குச் சலுகை கிடையாது.

எல்லாம் பொரிக்கும் என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். சிலது பொரிக்காது, ஒன்றிரண்டு குஞ்சு பொரித்தபின் போகும், பருந்தும் இருக்கிறது. அழுவான், அழட்டும்.

கழிப்பறை பற்றி நீங்கள் எழுதவில்லை. அங்கே வீட்டுக்கு வெளியே என்றால், நகரத்துப் பிள்ளைகள் அடக்கி வைப்பார்கள். மூன்றாம் நாள் வயிற்று வலி என்று வரும், வீடே கலங்கும். வந்த உடனே பகல் வெளிச்சத்தில் யாராவது ஒருவர் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு எல்லாம் காட்டிவிட வேண்டும். ராத்திரிக்கு எழுப்ப வேண்டிய ஆள் இன்னார் என்று பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். எட்டிப் பிடித்து எழுப்பும் தூரத்தில் அந்த ஆள் படுக்க வேண்டும்.

பையில் கை சுத்தம் செய்யும் திரவம், கொசுவர்த்தி, பூச்சி மருந்து என்று கடையையே அடுக்கி அனுப்புவார்கள், மூடிய ஷூ இருக்காது. மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, கறை பட்டால் நீங்கள் வருத்தப்படாத துணி, அவனுக்கே அவனுக்கென்று ஒரு டார்ச். போதும். டார்ச் அவன் தலைமாட்டில் இருந்தால், லைட் போடுற ஆள் அவன்தான்.

போன் மட்டும் ராத்திரி வேண்டாம். பொழுது சாய்கிற நேரம் எல்லாப் பிள்ளைக்கும் தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில் உங்கள் குரல் கேட்டால் அன்றைக்கு எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மத்தியானம் பேசுங்கள். “சாப்பிட்டியா, தூங்கினியா, அம்மா ஞாபகம் வருதா” என்று ஆரம்பிக்காமல், கோழியைக் கேளுங்கள்.

இருட்டுப்பிரியன்:

கொல்லைக்கதவு அக்கா சொன்னதோடு ஒன்று. அவனுக்கு இருட்டு பயம் என்பதால் ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டு வைக்காதீர்கள். நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நகரத்துப் பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடைப்பதே இல்லை. வெளியே எட்டிப் பார்ப்பான், கும்மிருட்டு, உடனே உள்ளே ஓடுவான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கதை பேசிக்கொண்டே அந்த அரை மணியைத் தாண்டவைத்தால், களத்து மேடு தெரியும், மரத்தின் விளிம்பு தெரியும், நாய் எங்கே படுத்திருக்கிறது என்று தெரியும். நடுவில் யாராவது போன் திரையை ஒரு தடவை பார்த்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் இருட்டுக்குப் பழகிய கண்ணின் பழக்கம் அவ்வளவாகக் கெடாது.

நிலா இல்லாத நாளில் பால்வீதி தெரிகிறதா பாருங்கள். செயற்கை ஒளியால் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள் என்று 2016-இல் வந்த உலக ஒளிமாசு வரைபடம் சொன்னது. உங்கள் மகனும் அந்தக் கணக்கில்தான் இருப்பான்.

சேவல் விடிவதற்கு வெகு முன்னமே கூவும், தூக்கம் போகும். அதையும் வேடிக்கையாக்கலாம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை மங்கல் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். சூரியனைப் பார்க்காமலே உடல் கடிகாரப்படி கூவின. 2013-இல் வெளிவந்தது. பிறகு 2015-இல் இன்னொன்று கண்டார்கள்: கூட்டத்தில் யார் பெரிய ஆளோ அந்தச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அந்தஸ்துப்படி வரிசையாக. ஒன்றுக்கு மேல் சேவல் இருந்தால் எது முதலில் கூவுகிறது, பகலில் எது எதை விரட்டுகிறது என்று இரண்டு பையன்களும் சேர்ந்து எழுதி வைக்கட்டும்.

மண்வாசம்:

இவ்வளவு யோசனை எதற்கு? நாங்களெல்லாம் இப்படியா வளர்ந்தோம்? கொண்டுபோய் விடுங்கள். மண்ணில் புரண்டால் சளி, ஆஸ்துமா, அலர்ஜி எல்லாம் ஓடிப்போகும். கிணற்றில் தூக்கிப் போட்டால் நீச்சல் தானாக வந்துவிடும்.

ஓய்வுபெற்றசெவிலி:

மண்வாசம் சார், கிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். கிணற்றில் தூக்கிப் போட்டு நீச்சல் வராத பிள்ளைகளை எங்களிடம்தான் கொண்டு வருவார்கள்.

ஆஸ்துமா பேச்சில் பாதி உண்மை. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள், பூர்வீகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆமிஷ் பிள்ளைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்தில் புழங்குகிறார்கள். ஹட்டரைட் பண்ணை பெரியது, இயந்திரமயம், பிள்ளைகள் மாட்டுப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. 2016-இல் வந்த ஆய்வில் ஆமிஷ் பிள்ளைகளிடம் ஆஸ்துமா, ஹட்டரைட் பிள்ளைகளிடம் இருந்ததில் நான்கில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் அது பிறந்ததிலிருந்து அந்தத் தூசியில் வளர்ந்த பிள்ளைகளின் கணக்கு. ஏற்கனவே இழுப்பு உள்ள பிள்ளையை வைக்கோல் போரில் குதிக்க விட்டால் அன்றைக்கே இழுக்கும். உங்கள் மகனுக்கு இன்ஹேலர் உண்டென்றால், அது எங்கே இருக்கிறது, எப்படி அழுத்துவது என்று அண்ணிக்கும் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் காட்டிவிட்டு வாருங்கள்.

தண்ணீர்தான் என் முதல் பயம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே இருக்காது. நீச்சல் குளத்தில் நீந்தத் தெரியும் என்று குளத்தில் விடாதீர்கள். அடி தெரியாது, சேறு காலை இழுக்கும், கொடி சுற்றும். கிணற்றுக்கு மூடியோ கம்பி வலையோ போட அண்ணனிடம் கேளுங்கள், இதற்குச் சங்கடமே பட வேண்டாம். குளத்துக்குப் போவதென்றால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். அக்காவோடு போகிறேன் என்றால் கிடையாது, அவளும் குழந்தைதான்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் எவ்வளவு சின்னதானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி. வீட்டு நாய்தானே என்று விட வேண்டாம். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்ட ஜோசப் மைஸ்டருக்கு உங்கள் மகன் வயதுதான், ஒன்பது. அந்தப் பையன் பிழைத்தான். இன்றைக்கும் இறக்கிற பிள்ளைகள் பலர் சரியான நேரத்தில் ஊசிக்கு வராதவர்கள். நாயைச் சீண்டியதற்குத் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். “நாய் பல் பட்டால் சொல்லு, ஒரு வார்த்தை திட்ட மாட்டோம்” என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாம்பு பற்றி நீட்டிப் பயமுறுத்த வேண்டாம். ராத்திரி டார்ச்சும் மூடிய ஷூவும், விறகுக் குவியலிலும் பொந்திலும் கை விடாமல் இருப்பதும், தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதும் பாதி வேலையைப் பார்த்துவிடும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, நடக்க விடவும் கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று அண்ணனை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள், கடித்த பிறகு விசாரிக்கிற விஷயம் இல்லை அது.

யாரும் பேசாத ஒன்று: பூச்சிமருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம். வீட்டுப் பிள்ளைகளுக்கு எது எதென்று தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியாது. பாட்டிலைப் பார்த்தால் அவனுக்கு அது குளிர்பானம்தான். மருந்து அறையைப் பூட்டச் சொல்லுங்கள். டிராக்டரில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம், மட்கார்டில் உட்கார்ந்து சவாரி வேண்டாம்.

இன்னும் ஒன்று. யார் வீடானாலும், யாராவது அவனைத் தொடுவது பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் சொல்லலாம், அவனை நம்புவீர்கள் என்று தெரிந்து போகட்டும். அந்த ஒரு விஷயத்துக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். அதற்கு மத்தியானம் என்ற கணக்கு கிடையாது.

கொல்லைக்கதவு:

செவிலி அம்மா சொன்ன பாட்டில் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் மருந்துக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில்.

எட்டாவதுமாடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அண்ணிக்குப் போன் போட்டேன், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. “திட்டுங்க அண்ணி” என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம், “அப்பாடா” என்றார். கிணற்றுக்குக் கம்பி வலை போட ஆள் சொல்லிவிட்டதாக அண்ணன் சொன்னார். மருமகனிடம் தனியாகப் பேசினேன். சைக்கிள் தரலாம், ஆனால் பம்பரப் பெட்டியைத் தொடக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டான். என் கணவர்தான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை, முனகிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. டேப்லெட்டை எடுத்துப்போகலாமா என்று கேட்கிறான். ஒரேயடியாக மறுக்கவா?

கொல்லைக்கதவு:

கொண்டுவரட்டும், ஆனால் எல்லோருக்கும் பொதுவாக. அவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து பார்த்தால் மற்ற இரண்டும் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அவன் தோளுக்குப் பின்னால் நிற்கும், உங்கள் அண்ணிக்கு மூன்று பிள்ளையும் கைவிட்டுப் போகும். சாயங்காலம் ஒரு மணி நேரம், மூவரும் சேர்ந்து, சார்ஜர் அண்ணியிடம். கணவரை விடுங்கள், மகனைப் பஸ் ஏற்றிவிடுவதற்குள் அவரை ஒரு வழி பண்ணிவிடலாம். அடைக்கோழி இருக்கிறதா என்று கேட்டீர்களா?

எட்டாவதுமாடி:

கேட்டேன். இரண்டு இருக்கிறதாம். ஒன்று ரொம்பப் பொல்லாதது, அதை இவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார் அண்ணி. இவன் அதுதான் வேண்டும் என்று நிற்கிறான்.